ஓவர் சொன்னாத்தான் போகும்

பொய் சொல்லும்போது ஜெபாவின் முகம் மாறாது. இதை முதலில் கவனித்தது அவள் அப்பா ஏசுதாஸ்தான். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை அவளுக்கு வந்தது. அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பெண். மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களைப் பற்றி வாசித்துக்கொண்டே வந்தவள், மூச்சுகூட மாறாமல், "அவர்களோடுகூட சதுரங்கப்பட்டினத்து மீனவர்களும் புறப்பட்டுப் போனார்கள்" என்று ஒரு வரியைச் சேர்த்தாள். போதகர் கண்ணை மூடித் தலையாட்டினார். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் "ஆமென்" என்றார்கள். ஏசுதாஸ் மட்டும் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா அப்படிப் படிச்சே?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"மேய்ப்பருங்க மட்டும் போனா நல்லாவா கீது? நம்ம பக்கத்துலேர்ந்தும் நாலு பேரு போவட்டுமேன்னுதான்ப்பா."

ஏசுதாஸ் அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் ஒரு காண்ட்ராக்டரிடம் பெயின்டர். அவருடைய அப்பா காலம்வரை அந்தக் குடும்பத்துக்கு அடுத்தவர் வயலில் கூலி வேலைதான். ஜெபா பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்துவிட்டாள். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அந்தப் படிப்பை வைத்து அவள் செய்த காரியங்களைத்தான் வெளியில் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் சம்பத் என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். நாலு கம்ப்யூட்டர், அதில் ஒன்று எப்போதும் படுத்தேதான் கிடக்கும். மற்ற மூன்றையும் கவனித்துக்கொள்ள ஜெபாவை வேலைக்கு வைத்தார். பிளைவுட் தடுப்பு வைத்த கேபின்கள். தடுப்பு ஆள் உயரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. உள்ளே யார் என்ன பேசினாலும் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். ஜெபா அந்த வேலையை விரும்பியதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

அந்த சென்டருக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தவர் தாமோதரன். டவுன்ஷிப்பில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகப்போகிறவர். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். மகன் ரோஹித் அமெரிக்காவில் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஐ.எஸ்.டி. போட்டுப் பேசினால் பேச்சு ஆரம்பிப்பதற்குள் மீட்டர் மிரட்டும். நெட் வழியாகப் போன் மாதிரி பேசலாம் என்றால் சம்பத்தின் லைனுக்கு அந்த அளவுக்குத் தெம்பில்லை. குரல் துண்டு துண்டாக வந்து, கடைசியில் இருமல் மாதிரி நின்றுவிடும். அப்போதுதான் ரோஹித் ஒரு புது சாப்ட்வேர் பற்றி மெயில் அனுப்பினான். வாக்கி டாக்கி மாதிரி. திரையில் இருக்கும் பட்டனை மவுஸால் அமுக்கிக்கொண்டு பேச வேண்டும். விட்டதும் பேசியது மொத்தமும் கிளம்பிப் போகும். கொஞ்ச நேரத்தில் பதில் வரும். லைன் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும்வரை மற்றவர் பேச முடியாது, அவ்வளவுதான்.

ஜெபா அதை நெட்டிலிருந்து இறக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு பகல் முழுக்கப் போனது. சாயங்காலம் தாமோதரனையும் அவர் மனைவி ஞானம்பாளையும் கேபினில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"இத்த அமுக்கினு பேசணும் சார். முடிச்சதும் வுட்டுடணும். வுட்டாத்தான் போவும்."

"போச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் தாமோதரன். எதற்கும் ஒரு முறை இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

அந்த வாரம்தான் மாமல்லபுரத்தில் போலீஸ் ஜீப்பில் வயர்லெஸ் அலறுவதை ஜெபா கேட்டிருந்தாள். அது ஞாபகத்துக்கு வந்தது. "கடைசியில ஓவர்னு சொல்லணும் சார். ஓவர் சொன்னாத்தான் போவும். இல்லன்னா பாதி வழியில நின்னுடும்."

"அதான் முறை" என்றார் தாமோதரன் திருப்தியாக.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஒரு வாரத்தில் யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பார்கள் என்று ஜெபா நினைத்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் தாமோதரனைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். சம்பத்தே நம்பிவிட்டார். புதிதாக வருகிறவர்களிடம் "ஓவர் மறந்துடாதீங்க, அப்புறம் போகலைன்னு சண்டைக்கு வரக்கூடாது" என்று எச்சரிக்க ஆரம்பித்தார். காய்கறிக் கடை முனியம்மாவின் தம்பி குவைத்தில் இருந்தான். அவள் கடைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "கத்திரிக்கா இதுக்கு மேல கொறையாது, ஓவர்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

மாட்டிக்கொண்டது, அங்கே பேச வந்துகொண்டிருந்த செல்லம்மாவின் புருஷன்தான். அவன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். செல்லம்மா பாசமாகப் பேசி, "ஒடம்பப் பாத்துக்க மாமா. ஓவர்" என்று முடித்தாள். அந்தப் பக்கமிருந்து பதில் வர வழக்கத்தைவிட நேரமானது.

"ஓவர்லாம் இல்ல செல்லம்மா. வெள்ளிக்கெழமை மட்டுந்தான். அதுவும் ரூம்ல எல்லாரும் சேந்து கொஞ்சமா. யாரு ஒனக்குப் போட்டுக் குடுத்தது?"

பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்லம்மா பட்டனை அமுக்கியவள், அன்றைக்கு லேசில் விடவில்லை. இறங்கிப் போகும்போது ஜெபாவிடம், "இந்த மெசின் நல்லா வேலை செய்யிதுடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாமோதரன் விஷயம் வேறு. அவர் ஓவர் சொல்லுவார். ஆனால் அந்த ஓவருக்கு வந்து சேரத்தான் நேரமாகும். பட்டனை அமுக்கினால் டவுன்ஷிப்பில் தண்ணீர் வருகிற லட்சணம், அடுத்த குவார்ட்டர்ஸ்காரர் வளர்க்கும் நாய், அமெரிக்கக் குளிருக்கு எந்தத் தைலம் நல்லது, யார் யாருக்கு எங்கே கல்யாணம் என்று போய்க்கொண்டே இருப்பார். விரல் மட்டும் எடுக்க மாட்டார். ஒருவழியாக ஓவர் சொல்லி விட்டதும், அவ்வளவு பெரிய பேச்சைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் லைன் கட்டாகிவிடும். ஞானம்பாள் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். கிளம்பும்போது "பையன் நல்லாக் கேட்டுக்கிட்டான்" என்பார் தாமோதரன்.

ஜெபாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் பழைய சைக்கிளிலிருந்து பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்து, தன் மேஜைக்கு அடியில் திருகிவைத்தாள்.

"புது ரூல் வந்துருக்குது சார்" என்றாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. "மணி அடிக்கும். அடிச்ச ஒடனே பட்டனை வுட்டுடணும். இல்லன்னா பேசனது பூரா அழிஞ்சிடும்."

"மணி எங்கேருந்து வரும்?"

"லைன்லேர்ந்து சார்."

தாமோதரன் பேச ஆரம்பித்தார். தண்ணீர் பிரச்சனை முடிந்து நாய்க்கு வந்ததும் ட்ரிங் என்றது. திடுக்கிட்டு, "ஓவர்" என்று விரலை எடுத்தார்.

"என்னம்மா இது, சைக்கிள் பெல் மாதிரி இருக்கு?" என்று கேபினுக்குள்ளிருந்து கத்தினார்.

"அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் சிம்பிளா வச்சிகினு கீறான் சார்."

அன்றைக்குத்தான் ரோஹித்தின் குரல் முழுசாக வந்து சேர்ந்தது. ஞானம்பாளும் பேசினார். அவர் பேசியபோது மணியே அடிக்கவில்லை. தாமோதரன் அதையும் விடவில்லை.

"இவளுக்கு மட்டும் ஏன் அடிக்கலை?"

"அம்மா மெதுவாப் பேசறாங்க சார். எடம் கம்மியாப் புடிக்குது."

படி இறங்கும்போது ஞானம்பாள் கொஞ்சம் பின்தங்கினார். ஜெபாவின் மேஜை அருகே வந்து, குனிந்து அடியில் ஒரு பார்வை பார்த்தார். "சத்தம் நல்லா கணீர்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூட்டம் அதிகம். பெஞ்சில் செல்லம்மா இருந்தாள். கேபினில் தாமோதரன் மணிக்குக் கட்டுப்பட்டுச் சுருக்கமாக ஓவர் சொன்னார். ரோஹித்தின் பதில் வந்தது.

"அப்பா, அம்மா, பதறாம முழுசாக் கேளுங்க. எனக்கு வேலை போயிடுச்சு. கம்பெனியில பாதிப் பேரை எடுத்துட்டாங்க. இப்ப ஒரு ஃப்ரெண்டு ரூம்ல இருக்கேன். முன்னெல்லாம் சொல்ல நேரம் கிடைக்கலை. இப்ப நேரம் கிடைச்சும் வாய் வரலை. தேடிப் பார்த்துட்டேன், இங்க எதுவும் கிடைக்கற மாதிரி தெரியலை. ஓவர்."

மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே தாமோதரன் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு ஆரம்பித்தார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? கவர்மென்ட் பரீட்சை எழுதுடான்னு..."

ட்ரிங்.

"எழுதுடான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நீ எங்க..."

ட்ரிங்.

"உங்க அத்தை பையனைப் பாரு, பேங்க்ல..."

ட்ரிங், ட்ரிங்.

"அடியே, போதும்டி" என்று செல்லம்மா கிசுகிசுத்தாள். ஜெபாவால் நிறுத்த முடியவில்லை. அந்தப் பையனின் குரல் அவள் காதிலேயே இருந்தது. கோபத்தில் ஐஸ் வண்டிக்காரன் மாதிரி அடித்துத் தள்ளினாள்.

கேபின் கதவு திறந்தது. தாமோதரன் நின்றார். மேஜைக்கு அடியில் போயிருந்த ஜெபாவின் கையைப் பார்த்தார். பதற்றத்தில் அவள் கட்டைவிரல் வழுக்கி, பெல் இன்னொரு முறை லேசாக அடித்தது.

"இதுதான் லைனா?"

"ஆமா சார்" என்றாள் ஜெபா. முகம் மாறவில்லை. ஆனால் குரல் கம்மியது.

"அப்ப அந்த ஓவர்?"

"அதுவும் நாந்தான் சார்."

பெஞ்சில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஊர் மொத்தமும் சொன்ன ஓவர் அது. தாமோதரன் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் கேபினிலிருந்து ஞானம்பாளின் குரல் வந்தது. மவுஸ் இப்போது அவர் கையில்.

"ரோஹித், அம்மாடா. அப்பா வெளியில சண்டை போடப் போயிருக்கார். நிதானமாப் பேசலாம். வேலை போனா போகட்டும், அதுக்கு ஏன் ஒளிச்சு வெச்சே? உனக்கு ஒண்ணு சொல்றேன், அப்பாகிட்ட சொல்லிடாதே. நீ நாலாங்கிளாஸ் படிக்கறப்ப உங்கப்பாவை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. மீட்டிங்ல ஆபீசரை ஒரு வார்த்தை பேச விடலையாம். வீட்டுல மூச்சு விடலை மனுஷன். தினம் காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் போற மாதிரியே கிளம்புவார். நேரா சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போய் நிழல்ல உக்காந்துட்டு, சாயங்காலம் திரும்பி வருவார். பால்காரர் பார்த்துட்டு வந்து சொன்னார். நான் ஒண்ணும் கேட்டுக்கலை. வெயிலாச்சேன்னு டிபன் பாக்ஸோட ஒரு பாட்டில் மோரும் வெச்சேன். ஏன் திடீர்னு மோர்னு அவரும் கேட்டுக்கலை. எனக்கு இருந்த ஒரே கவலை, அந்தக் கோட்டையில பேச ஆள் இல்லாம இந்த மனுஷன் எப்படிப் பொழுதைப் போக்கறாரோன்னுதான். கடைசியில வேலை திரும்பக் கிடைச்சுதா இல்லையா? நீ கிளம்பி வா. உன் ரூம்ல அரிசி மூட்டை போட்டு வெச்சிருக்கேன், எடுத்துடறேன். ஓவர்."

வெளியே யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செல்லம்மா மெதுவாக நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். தாமோதரன் உட்கார்ந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

"மோர்ல இஞ்சி போட்டிருப்பா" என்றார் யாரிடம் என்றில்லாமல். பிறகு எழுந்து, குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார்.

நாளைக்கே சம்பத்திடம் புகார் வரும், வேலை போய்விடும் என்று ஜெபா எதிர்பார்த்தாள். புகார் வரவில்லை. பெல்லை அவளே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானம்பாள் தனியாக வந்தார். அதற்கடுத்த வாரமும் தனியாகத்தான் வந்தார். ரோஹித்திடம் ஆசை தீரப் பேசினார். பேசி முடித்துவிட்டு ஜெபாவிடம் வந்தார்.

"ஜெபா, ஒருநாள் வீட்டுப் பக்கம் வா. அவர் பேசறதே இல்லை."

"என்மேல கோவமாம்மா?"

"யார் மேலன்னும் சொல்லலையே. பேப்பர் படிக்கிறார், சாப்பிடறார், தூங்கறார். மொத ரெண்டு நாள் வீடு நல்லா அமைதியா இருந்துச்சு. இப்ப எனக்குப் பைத்தியம் பிடிக்குது. வாயை மூடினது நீ. நீயே வந்து திறந்துவிடு."

ஜெபா லீவு நாளில் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். தாமோதரன் ஹாலில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். "சார், நான் பண்ணது தப்புதான்" என்றாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து தலை ஒருமுறை ஆடியது. அவ்வளவுதான். ஞானம்பாள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கண்ணால் பேப்பரைக் காட்டினார். ஜெபா காபியை இரண்டு மடக்கு குடித்தாள். யோசித்தாள். இந்த மனுஷனால் எதைத் தாங்க முடியாது? தப்பாகச் சொல்வதைத் தாங்க முடியாது.

"நாளைக்கு செங்கல்பட்டு போவணும்மா, அத்தை வூட்டுக்கு" என்று சத்தமாக ஆரம்பித்தாள். "மாமல்லபுரம் சுத்தினு போவலாம்னு கீறேன். அதான் சீக்கிரம்."

பேப்பர் அசையவில்லை.

"திருக்கழுக்குன்றம் வழியாப் போறவங்கல்லாம் வெவரம் இல்லாதவங்கம்மா. அது சுத்து வழி."

பேப்பரின் மேல் விளிம்பு கொஞ்சம் இறங்கியது. இரண்டு கண் தெரிந்தது.

"மாமல்லபுரத்துலேர்ந்து நேரா ஒரு ரோடு செங்கல்பட்டுக்குப் போவுது பாருங்க. நடுவுல திருக்கழுக்குன்றமே வராது."

"யார் சொன்னது?" என்றார் தாமோதரன்.

"எல்லாருந்தான் சொல்றாங்க சார்."

"எல்லாரும்னா யாரு? பேர் சொல்லு." பேப்பர் தரைக்குப் போய்விட்டது. "மாமல்லபுரம் போய் செங்கல்பட்டு போனாலும் திருக்கழுக்குன்றம் வந்துதாம்மா ஆகணும். வடக்கே போய்த் திரும்ப மேற்கே வரணும். நேரா மேற்கே போறதை விட்டுட்டு எவனாவது அப்படிப் போவானா? நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தப்போ ரோடு எப்படி இருந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார்" என்றாள் ஜெபா. அது மட்டும் நிஜம்.

ஞானம்பாள் சத்தமில்லாமல் எழுந்து சமையலறைக்குப் போனார். குக்கரை ஏற்றினார். தாமோதரன் மேஜைமேல் காபி டம்ளரை மாமல்லபுரமாகவும், மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திருக்கழுக்குன்றமாகவும் வைத்து ரோடு போட்டார். மலைமேல் கோயிலுக்கு எத்தனை தடவை ஏறினார், எந்த டிரைவர் நல்லவர், எந்தப் பஸ் கருங்குழி பக்கம் போய்விடும் என்று எல்லாம் வந்தது. ஜெபா சந்தேகம் கேட்டாள். வேண்டுமென்றே இன்னும் இரண்டு தப்பைச் சொன்னாள். அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

ரோஹித் அந்தப் பொங்கலுக்கு முன்னாலேயே திரும்பி வந்தான். சில மாதம் வீட்டில் இருந்தான், அப்பா பேச்சைக் கேட்டான், பிறகு ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் படூரில் பிளாட் எடுத்துக்கொண்டான். செல்போன் மலிந்ததும் சம்பத்தின் கேபின்களில் ஆள் குறைந்தது. அவர் தடுப்புகளைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் டிராவல்ஸ் வைத்தார். ஜெபா முட்டுக்காட்டில் ஒரு ஓட்டலில் வரவேற்பு வேலைக்குப் போனாள். அங்கே எலெக்ட்ரீஷியனாக இருந்த ஜெரோமைக் கல்யாணம் செய்துகொண்டாள். கடலைப் பார்த்த ரூம் காலியில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவள் என்னென்ன சொன்னாள் என்பது தனிக் கதை.

தாமோதரன் மேஜைமேல் ரோடு போட்டுக் காட்டிய அன்றைக்கு, ஜெபா கிளம்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் குடியிருந்த காலனி திருக்கழுக்குன்றம் ரோட்டில்தான். தாமோதரன் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நிறுத்தம்வரை வந்தார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். பேச்சில் செங்கல்பட்டு ஸ்டேஷனை விட்டு இறங்கி ஏரிக்கரைப் பக்கம் அவர் வந்துகொண்டிருந்தபோது பஸ் வந்து நின்றது. ஜெபா ஒரு காலை முன்னால் வைத்தாள்.

"இரு, இதைக் கேட்டுட்டுப் போ" என்றார்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. ஜெபா அது போவதைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "அடுத்தது எப்ப சார்?" என்று கேட்டாள்.

"அடுத்ததா?" என்றார் தாமோதரன், கண் மின்ன. "அதுல பாரு, ரெண்டு விதமா இருக்கு."